அசாமின் குளிர்காலம்: காதி பிஹு விளக்கு, அகோன் அறுவடை, மாக் மாத விருந்து

வடகரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

தை முதல் தேதி நெருங்கினால் எல்லாக் குழுக்களிலும் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் பொங்கல், பஞ்சாபில் லோஹ்ரி, அசாமில் போகாலி பிஹு என்கிற மாக் பிஹு, எல்லாம் ஒரே அறுவடைத் திருநாள்தான் என்று. தப்பில்லை, சூரியன் மகரத்துக்குள் நுழைகிற அதே நேரம்தான். ஆனால் அசாமில் அந்த ஒரு நாளை மட்டும் கத்தரித்து எடுத்துப் பார்த்தால் பாதிகூடப் புரியாது. வேலை நிமித்தமாக நான் பிரம்மபுத்திராவின் வடகரையில், தேஜ்பூர் பக்கம், வெகுகாலமாக இருக்கிறேன். இந்த ஊர்க் குளிர்காலத்தைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஓர் இழை இருக்கட்டும் என்றுதான் தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: இங்கே குளிர்காலத்தின் சோறு, மீன், கீரை, நெருப்பு எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஆறு பின்வாங்குவது. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை பிரம்மபுத்திரா எப்போது கரை ஏறும் என்று சொல்ல முடியாது. மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த பிறகு வருகிற சில மாதங்களில்தான் நிலம் மனிதர் கைக்கு முழுசாக வருகிறது. அந்த நிம்மதிதான் மாக் மாத, அதாவது நம் தை மாத, விருந்தாக முடிகிறது.

அதனால் ஐப்பசியில் இருந்து பார்க்க வேண்டும். அக்டோபர் நடுவில் காதி பிஹு. கொங்காலி பிஹு என்றும் சொல்வார்கள், வறியவரின் பிஹு. இதற்கு ஆட்டமும் கிடையாது, விருந்தும் கிடையாது. போன அறுவடை நெல் தீர்ந்து களஞ்சியம் காலியாகக் கிடக்கும். வயலில் சாலி நெல் பூத்துப் பால் பிடிக்கிற சமயம். ஒரு பூச்சித் தாக்குதல் வந்தாலும் வருஷம் போச்சு. சாயங்காலம் துளசி அடியிலும் களஞ்சிய வாசலிலும் வயலிலும் மண் அகல் ஏற்றுகிறார்கள். உயரமான மூங்கில் நுனியில் விளக்கைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு, அதற்கு ஆகாஷ் பந்தி என்று பெயர். நெல்லைத் தின்னும் பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து விழும் என்று விவசாயிகள் சொல்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களில் காதி பிஹுவை யாரும் காட்டுவதில்லை. எனக்கு மூன்று பிஹுவில் இதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

சம்பாநாற்று

நல்ல இழை அண்ணா. நான் டெல்டாக்காரன், அதனால் நெல் பக்கமே கேட்கிறேன். எங்களுக்குச் சம்பா அறுவடை தையில்தான் சூடு பிடிக்கும். நீங்கள் சொல்கிற சாலி நெல் எப்போது நட்டு எப்போது அறுக்கிறார்கள்? வருஷத்துக்கு எத்தனை போகம்?

வடகரைவாசி

தம்பி, சாலி நாற்று ஜூன், ஜூலையில் விடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் நடவு. நவம்பர், டிசம்பரில் அறுவடை. அதாவது மாக் பிஹு வருவதற்கு முன்பே நெல் வீட்டுக்கு வந்துவிடும். இது தவிர ஆஹு என்று ஒரு போகம், கோடை மழையை நம்பி விதைத்து ஜூன், ஜூலையில் அறுப்பது. போரோ என்று இன்னொன்று, பீல் எனப்படும் சதுப்பு ஏரிகளின் ஓரத் தாழ்நிலத்தில் குளிர்காலத்தில் நட்டு அடுத்த வெள்ளத்துக்கு முன் எடுத்துவிடுவது. ஆனால் ஊருக்குச் சோறு போடுவது சாலிதான். 1228இல் சுகாபா தலைமையில் பட்காய் மலையைத் தாண்டி வந்த தாய் அஹோம் மக்கள் மேல் அசாமின் சதுப்பு நிலங்களைச் சமன்செய்து வரப்பு கட்டி நடவு நெல்லைப் பெருக்கினார்கள் என்பது வரலாறு.

அறுவடையில் ஒரு சடங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அகோன் மாதத்தில், நம் கார்த்திகையில், முதலில் ஒரு சின்னக் கட்டுக் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். அதைத் தலையில் வைத்து, வழியில் யாரோடும் பேசாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து களஞ்சியத்தில் வைப்பார்கள். அது லட்சுமி. அதற்கு அப்புறம்தான் மற்ற அறுப்பு. பெரிய கட்டுகளை, இரு முனையும் கூராகச் சீவிய மூங்கில் தடியில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் குத்தித் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் வரப்பில் வரிசையாகப் போவார்கள். அந்த நடையில் ஒரு தாளம் இருக்கும், நின்றால் தோள் வலிக்கும் என்பதால் யாரும் நிற்பதில்லை. மாடு கட்டிப் போரடிக்கிற வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. புது அரிசியை உறவினரைக் கூப்பிட்டுச் சமைத்து உண்ணும் நாளுக்கு ‘ந-கோவா’ என்று பெயர், அதுவும் அகோன் மாதத்தில்தான். புதிர் உண்ணுதல் என்று நம் ஊரில் சொல்வது போலத்தான்.

பறவைநோக்கி

தண்ணீர் பின்வாங்குவது என்று நீங்கள் சொன்னதற்குப் பறவைகள் பக்கம் இருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். ஹர்கிலா என்கிற பெருநாரை அசாமில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது மழைக்காலத்தில் இல்லை, அக்டோபருக்கு மேல்தான். காரணம் எளிது. நீர்நிலைகள் சுருங்கச் சுருங்க மீன் ஓரிடத்தில் சேரும், குஞ்சுக்கு இரை தேடுவது சுலபம். காம்ரூப் மாவட்டத்தில் தாதரா, பசாரியா கிராமங்களில் கடம்ப மரங்களின் உச்சியில் கூடு கட்டும். நாற்றம் பிடித்த பறவை, அபசகுனம் என்று ஒரு காலத்தில் மரத்தையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் அந்த ஊர்ப் பெண்களைத் திரட்டி ஹர்கிலா படை என்ற ஒன்றை உருவாக்கினார். இன்று அதே பெண்கள் அந்தப் பறவையின் உருவத்தைத் தறியில் நெய்கிறார்கள். அவருக்கு 2022இல் ஐநாவின் பூமி நாயகர் விருது கிடைத்தது. அழியும் நிலையில் இருந்த இனம் என்ற வகைப்பாட்டில் இருந்து 2023இல் அந்தப் பறவை ஆபத்து குறைந்த வகைக்கு மாற்றப்பட்டது.

அப்புறம் வலசைப் பறவைகள். நம் கூந்தன்குளத்துக்கு வருகிற பட்டைத்தலை வாத்து காசிரங்காவுக்கும் வரும். சக்கரவாகம், ஊசிவால் வாத்து எல்லாம் பிரம்மபுத்திரா மணல்திட்டுகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குவாஹாட்டி விளிம்பில் இருக்கும் தீபோர் பீல் 2002இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரமாகவே ரயில் பாதை ஓடுகிறது, நகரத்துக் கழிவும் அந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. பார்க்கும்போது வயிறு எரியும்.

தேயிலைத்துளிர்

தேயிலையை விட்டுவிட்டால் எப்படி? நான் தோட்ட வேலையில் இருந்தவன். டிசம்பரோடு பச்சைக் கொழுந்து பறிப்பது முடியும். குளிரை விட முக்கியம் பகல் குறைவது. பகல் நேரம் 11 மணி 15 நிமிடத்துக்குக் கீழே சில வாரங்கள் போனால் செடி உறங்கிவிடும், துளிர் விடாது. அப்போதுதான் கவாத்து வெட்டுவோம். ஆலைச் சத்தம் நின்றுபோன தோட்டத்தில் அரிவாள் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது வெட்டியதற்குப் பலன் மார்ச்சில் வரும் முதல் கொழுந்தில் தெரியும்.

இன்னொரு விஷயம். தோட்டத் தொழிலாளர்களின் முன்னோர் பெரும்பாலும் சோட்டா நாக்பூர் பக்கத்தில் இருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். பூஹ் மாத, நம் மார்கழி, முடிவில் அவர்கள் துசு பூஜை கொண்டாடுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே துசு உருவத்தை ஆற்றுக்கு எடுத்துப்போவார்கள். அசாமின் குளிர்காலம் என்றால் அவர்களும் அதில் உண்டு.

சமையற்கட்டு

எல்லாம் சரி, சாப்பாடு எங்கே? பிஹுவுக்குச் செய்கிற எள் வைத்த அரிசிப் பலகாரம், தில் பிட்டா, செய்யலாம் என்று எள்ளும் வெல்லமும் வாங்கி வைத்துவிட்டேன். பச்சரிசி மாவில் செய்தால் தோசைக்கல்லில் பொடிப்பொடியாக உதிர்கிறது. என்ன ரகசியம்?

ஜோர்ஹாட் மருமகள்

அக்கா, இதற்குப் பதில் சொல்லவே கணக்குத் தொடங்கினேன். சொந்த ஊர் கும்பகோணம், கல்யாணம் ஆகி ஜோர்ஹாட்.

முதலில் அரிசி. நம் பச்சரிசியில் இது வரவே வராது. போரா சாவுல் என்கிற பசை அரிசி வேண்டும். சமைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற வகை. ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். இங்கே டேக்கி என்று மரத்தாலான ஒரு மிதி உலக்கை இருக்கிறது. ஒருவர் காலால் மிதிப்பார், இன்னொருவர் குழியில் கைவிட்டு மாவைத் தள்ளிக்கொடுப்பார். கை எடுக்கிற நேரமும் உலக்கை விழுகிற நேரமும் பிசகக் கூடாது. என் மாமியாரும் ஓரகத்தியும் பேசிக்கொண்டே செய்வார்கள், எனக்கு இன்னும் பயம்தான்.

சலித்த மாவு தொட்டால் ஈர மணல் மாதிரி இருக்கும். கல் நன்றாகக் காய வேண்டும். எண்ணெய் கிடையாது, தண்ணீர் தெளிப்பது கிடையாது. ஒரு கைப்பிடி மாவை வட்டமாகத் தூவி, விரலால் லேசாகப் பரப்பி, நடுவில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கறுப்பு எள்ளும் வெல்லமும் நீளமாக வைக்க வேண்டும். மாவின் ஈரமும் பசையும் சேர்ந்து சில நொடியில் அது ஒரு மெல்லிய தாளாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் ஓரத்தைத் தூக்கிச் சுருட்டி மடித்து, கல்லிலேயே லேசாக அழுத்தினால் முடிந்தது. முந்தினால் உதிரும், பிந்தினால் முறியும். மாவு காய்ந்துபோனால் விரிசல் விடும், அதனால் ஈரத் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு செய்வோம். சில வீடுகளில் எள்ளோடு காயவைத்த கமலா ஆரஞ்சுத் தோல் பொடி சேர்ப்பார்கள். வாசனை வாசல் வரை வரும்.

நீங்கள் ஊரில் முயற்சி செய்வதென்றால் கவுனி அரிசி எடுங்கள். பர்மாவில் இருந்து செட்டிநாட்டுக்கு வந்த பசை அரிசிதான் அது. நிறம் மாறும், சுவையும் கொஞ்சம் வேறுதான். ஆனால் ஒட்டும்.

மற்றவை: அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் பொரிப்பது கிலா பிட்டா. தேநீர்க் கெண்டியின் வாயில் துணி கட்டி ஆவியில் வேகவைப்பது டெகெலி பிட்டா, தேங்காய் போட்டது. இளம் மூங்கில் குழாயில் வாழையிலை சுற்றிய போரா அரிசியை நிரப்பி நெருப்பில் சுடுவது சுங்கா சாவுல். மூங்கிலைப் பிளந்தால் உருளையாக வெளியே வரும், தயிரும் வெல்லமும் வைத்துச் சாப்பிடுவோம். தேங்காய் லாரு, எள் லாரு (உருண்டைதான்) இரண்டும் டப்பா டப்பாவாக இருக்கும். ஜனவரியில் யார் வீட்டுக்குப் போனாலும் ஜோல்பான் வைக்காமல் விடமாட்டார்கள். அவல், பொரி, வறுத்த அரிசி மாவு, தயிர், வெல்லம்.

சோற்றுப் பக்கம் சொல்கிறேன். குளிரில் வாத்துக் கறியும் நீர்ப்பூசணியும் சேர்த்துச் செய்வது இங்கே பெரிய மரியாதை. லாய் சாக் என்கிற கடுகுக் கீரை, முள்ளங்கி, புது உருளைக்கிழங்கு மசியல், சுட்ட கத்தரிக்காய். பீம்கோல் வாழைப்பழத் தோலைக் காயவைத்து எரித்த சாம்பலில் வடித்த கார நீரை ஊற்றிச் சமைக்கிற பண்டம் சாப்பாட்டின் தொடக்கத்தில் வரும், தக்காளி போட்ட புளிப்பு மீன் குழம்பு கடைசியில். எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். வந்த புதிதில் அந்த நெடி மூக்கில் ஏறும், இப்போது அது இல்லாமல் எனக்கு மீன் இறங்காது.

வடகரைவாசி

தங்கச்சி, கடுகைத் தொட்டதால் சொல்கிறேன். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணில், ஆற்று நடுவில் உள்ள சார் என்கிற திட்டுகளில், அக்டோபர், நவம்பரில் கடுகு விதைக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் கண்ணுக்கு எட்டியவரை மஞ்சள். காலைப் பனிமூட்டம் விலகும்வரை படகு ஓடாது, விலகியதும் முதலில் தெரிவது அந்த மஞ்சள்தான். வெள்ளம் எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

சம்பாநாற்று

அக்கா சொன்ன ஜோல்பானில் சமைக்காமலே ஊறவைத்துத் தின்னும் அரிசி ஒன்று உண்டு என்று கல்லூரியில் படித்தேன். உண்மையா?

ஜோர்ஹாட் மருமகள்

உண்மைதான் தம்பி. கோமல் சாவுல். சோக்குவா என்கிற ரகத்து நெல்லைப் புழுக்கி, காயவைத்து, குத்தி எடுத்தது. அதைக் குளிர்ந்த தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ ஊறவைத்தால் கொஞ்ச நேரத்தில் சோறு. அடுப்பே வேண்டாம். போகா சாவுலும் இப்படித்தான், நல்பாரி, பார்பேட்டா பக்கத்து அரிசி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது.

சம்பாநாற்று

அமிலோஸ் என்கிற ஒருவகை மாவுச்சத்தின் அளவுதான் காரணம். சோக்குவாவில் 12 முதல் 17 சதவீதம், போரா ரகங்களில் அதைவிட ரொம்பக் குறைவு. நாம் உதிரியாகச் சாப்பிடுகிற பல ரகங்களில் 20க்கு மேல். அமிலோஸ் குறையக் குறைய அரிசி மென்மையாகும், ஒட்டும். டிட்டாபோர் நெல் ஆராய்ச்சி நிலையம் இவற்றில் நிறைய வேலை செய்திருக்கிறது. அகோனிபோரா அங்கே உருவான ரகம்.

நகர்வலம்

நான் குவாஹாட்டியில் ஐடி வேலை. இங்கே ஜனவரியில் பிட்டா எல்லாம் பொட்டலத்தில் கிடைக்கிறது. அடுக்குமாடியில் மேஜி என்கிற மூங்கில், வைக்கோல் கோபுரத்தைக் கொளுத்த முடியாது. பிஹுவுக்கு முந்தின ராத்திரி உருகா விருந்தை ஓட்டலில் இருந்து வரவழைக்கிறார்கள். டேக்கியும் களஞ்சியமும் இல்லாமல் வெறும் பெயர்தானே மிச்சம்? பாதிக்கு மேல் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

ஜோர்ஹாட் மருமகள்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. டேக்கி போனது என்று வருத்தப்படுகிறவர்களில் அதை மிதித்தவர்கள் எத்தனை பேர்? மார்கழிக் குளிரில் விடியற்காலையில் எழுந்து இடுப்பு நோக மிதித்தது வீட்டுப் பெண்கள். இப்போது மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிட்டா செய்து கடை போடுகிறார்கள். அந்தப் பணம் அவர்கள் கையில் நிற்கிறது. பொட்டலத்தில் வந்தால் என்ன, உள்ளே இருப்பது போரா அரிசியா என்று மட்டும் பாருங்கள். மைதா கலந்திருந்தால் வாங்காதீர்கள்.

வடகரைவாசி

நானும் தங்கச்சி பக்கம்தான், ஆனால் நகர்வலம் சொல்வதில் ஒரு வலி இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. என் கவலை வயலைப் பற்றியது. போரா, ஜோஹா மாதிரி ரகங்களில் விளைச்சல் குறைவு. அதிக விளைச்சல் ரகம் இருக்கும்போது ஒரு சின்ன விவசாயி ஏன் இதைப் போட வேண்டும்? ஜோஹாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு, வாசனைக்கு விலையும் கிடைக்கிறது. போராவைப் பல வீடுகளில் பிஹுவுக்காக ஒரு மூலையில் மட்டும் போடுகிறார்கள். பொட்டலத்துக்கு ஆள் இருந்தால் அந்த மூலை வயல் பிழைக்கும். அந்த அளவில் கடைப் பிட்டா நல்லதுதான்.

உருகா பேச்சு வந்ததால் கிராமத்தில் நடப்பதையும் எழுதிவிடுகிறேன். மாக் மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் உருகா. அறுத்த வயலிலேயே மூங்கிலும் வைக்கோலும் வைத்துப் பேலாகர் என்று ஒரு குடிசை கட்டுவார்கள், பக்கத்தில் கோபுரமாக அடுக்கியது மேஜி. பகலில் ஊரே சேர்ந்து பீலில் இறங்கும். ஆண்கள் கையில் இருப்பது அச்சு அசல் நம் ஊத்தா, மீனை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கிற கூடை, இங்கே போலோ என்கிறார்கள். பெண்கள் ஜாகோய் என்கிற முக்கோண மூங்கில் கூடையால் சேற்றோடு அரித்து எடுப்பார்கள். ராத்திரி கூட்டுச் சமையல், கூட்டுச் சாப்பாடு. பையன்கள் பேலாகரிலேயே தங்குவார்கள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் காய்கறி, வேலி மூங்கில் காணாமல் போகும், அந்த ஒரு ராத்திரிக்கு யாரும் கோபிப்பதில்லை. விடியும் முன் குளித்துவிட்டு மேஜிக்குத் தீ வைக்கிறார்கள். பிட்டாவும் பாக்கும் நெருப்பில் போட்டு வணங்கி, வறுத்த உளுந்து, அரிசி, எள் கலந்த மாஹ்-கராயை இஞ்சியோடு மெல்லுவார்கள். சர்க்கரைவள்ளியும் காத் ஆலு என்கிற பெருவள்ளிக் கிழங்கும் அன்றைக்குக் கட்டாயம். பாதி எரிந்த மூங்கிலையும் சாம்பலையும் கொண்டுபோய்ப் பழ மரத்தடியிலும் வயலிலும் போடுகிறார்கள். வைக்கோல் வயலில் இருந்து வந்தது, சாம்பலாகி வயலுக்கே போகிறது.

காளைக்கொம்பு

எருமைச் சண்டை பற்றி யாரும் சொல்லவில்லையே? ஜல்லிக்கட்டு போலத்தானே அதுவும்?

வடகரைவாசி

மோஹ் ஜுஜ். நகாவோன் பக்கம் ஆஹத்குரியில் பேர் போனது. ஹாஜோவில் புல்புல் சண்டையும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2014 மே தீர்ப்புக்குப் பிறகு நின்றது, பிறகு மாநில அரசு நெறிமுறை வகுத்து அனுமதித்தது, அந்த நெறிமுறையை 2024 டிசம்பரில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜல்லிக்கட்டில் மனிதன் காளையை அணைகிறான், இங்கே விலங்கோடு விலங்கை மோதவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதைத் தனி இழையில் பேசுவோம்.

தேயிலைத்துளிர்

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. ‘அசாமியர்’ என்று ஒரே குரலில் பேச வேண்டாம். போடோ மக்களுக்கு இதே சமயம் தோமாசி. திமாசா மக்களுக்கு ஜனவரியில் புசு, அவர்களின் அரிசி மது ஜூதிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிசிங் மக்கள் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அலி-ஆய்-லிகாங் கொண்டாடி விதைப்பைத் தொடங்குவார்கள். ஜனவரி 31 அன்று அஹோம்கள் மே-டாம்-மே-ஃபி என்று முன்னோர்களுக்குப் படைப்பார்கள். குளிர்காலம் முழுக்க ஏதோ ஒரு ஊரில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

சமையற்கட்டு

கவுனியில் செய்துபார்த்தேன். முதல் சிலது முறிந்தன, அப்புறம் சுருண்டது! ஊதா நிறத் தில் பிட்டா. வீட்டில் எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜனவரியில் நேரில் வர ஆசை. பிஹு முடிந்த பிறகு வந்தால் பார்க்க என்ன இருக்கும்?

ஜோர்ஹாட் மருமகள்

ஜோன்பீல் மேளாவுக்கு வாருங்கள் அக்கா. மோரிகாவோன் மாவட்டத்தில் ஜாகிரோட் ரயில் நிலையத்துக்குப் பக்கம், டயாங் பெல்குரி என்ற இடம். குவாஹாட்டியில் இருந்து கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாக் பிஹுவுக்கு அடுத்த வார இறுதியை ஒட்டி நடக்கும். திவா, கார்பி, காசி, ஜெயந்தியா மக்கள் மலையில் இருந்து மஞ்சள், இஞ்சி, மிளகாய், பூசணி எல்லாம் சுமந்து வருவார்கள். சமவெளிக்காரர்கள் பிட்டா, அரிசி மாவு, கருவாடு கொண்டுவருவார்கள். காசு கிடையாது, பொருளுக்குப் பொருள்தான். திவா மக்களின் கோபா ராஜா வந்து முறை செய்வார், பிறையாக வளைந்த அந்த ஏரியில் கூட்டு மீன்பிடியும் உண்டு. மாற்று வியாபாரம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும், அதனால் முந்தின நாளே வந்து ஜாகிரோட்டில் தங்குங்கள். கம்பளிச் சால்வை கட்டாயம். நீங்கள் செய்த கவுனிப் பிட்டாவைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள், யாராவது இஞ்சிக்கு மாற்றிக்கொள்வார்கள்.